நத்தை வழக்கு தெரியும், வாச்சாத்தி வழக்கு?

சட்டக் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவர் யாரையாவது தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், நத்தை வழக்கைச் சொல்வார். ஸ்காட்லாந்தில் ஒரு பெண் குடித்த இஞ்சி பீர் பாட்டிலில் செத்த நத்தை கிடந்ததாக வழக்கு. 1932இல் தீர்ப்பு. டார்ட்ஸ் பாடத்தில் கவனக்குறைவு என்றாலே இந்த வழக்குதான். நல்ல வழக்கு, படிக்கட்டும்.

அதே மாணவர் தருமபுரிக்காரராகவே இருந்தாலும், "வாச்சாத்தி தீர்ப்பைப் படித்தீர்களா தோழர்?" என்றால், "கேள்விப்பட்டிருக்கிறேன்" என்பார். நாம் பார்த்த டார்ட்ஸ் பாடநூல்களில் அந்த ஊர் இல்லை.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் பழங்குடி மக்களின் ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போகவே 1995 ஆனது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது.

அரசு ஊழியர் செய்த தீங்குக்கு அரசு பொறுப்பா? இது முதலாம் ஆண்டுக் கேள்விதான். இதற்கு 1965 கஸ்தூரிலால் வழக்கை மனப்பாடம் செய்கிறோம். மீரட் போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தைத் தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். அரசு பொறுப்பல்ல என்றது உச்ச நீதிமன்றம். அதன் பக்கத்தில் வாச்சாத்தியை வைத்துப் படித்தால், சட்டம் எங்கே நகர்ந்திருக்கிறது, யார் நகர்த்தினார்கள் என்பது புரியும்.

இது வெறும் பாடத்திட்டச் சண்டை இல்லை. காலனியிலிருந்து ஒரு பிள்ளை சட்டம் படிக்கப் போனால், முதல் மாதமே ஊரிலிருந்து போன் வருகிறது: "நீ வக்கீலுக்குத்தானே படிக்கிற, ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் வா." அங்கே எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டுவார்கள். வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். பதிய முன்விசாரணை தேவையில்லை என்று பிரிவு 18ஏ சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்குப் பிரிவு 4இல் தண்டனை உண்டு. இவ்வளவும் ஒரே மணி நேர வகுப்பு. அது எந்தப் பருவத்தில் வரும் என்று காத்திருக்க வேண்டுமா?

2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி எரிந்ததைச் சிறு பிள்ளையாகப் பார்த்த தலைமுறை இன்று கல்லூரி வயதில் இருக்கிறது. அவர்களுக்குச் சட்டம் பாட்டில் நத்தையில் அறிமுகமாவது நமக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

பாடத்திட்டம் மாறும்வரை விடுதி அறையில் நாலு பேர் உட்கார்ந்து அந்த இரண்டு தீர்ப்புகளையும் படிக்கலாம். ஆங்கிலம் தடுக்கினால் தமிழ்வழி படித்தவரும் ஆங்கிலவழி படித்தவரும் சேர்ந்து உட்காருங்கள். வாச்சாத்திக்கு வண்டி பிடிக்கும் யோசனை அதற்குப் பிறகு இருக்கட்டும். அந்தப் பெண்கள் சொல்ல வேண்டியதை நீதிமன்றத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நமக்காக இன்னொரு முறை சொல்ல வைக்க வேண்டாம்.