செண்பகம்: பட்டைக்கு அல்ல, பூவுக்கு!

குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே உள்ள அருவிக்கும், அங்குள்ள அம்மனுக்கும் செண்பகாதேவி என்றே பெயர். அந்தச் செண்பக மரத்தைத் தென்காசி வட்டாரச் சிறு விவசாயிகள் கிணற்று மேட்டில் வளர்க்கலாம் என்பது என் கருத்து.

செண்பகப் பட்டைக் கஷாயத்தைக் காய்ச்சலுக்குக் கொடுப்பது நாட்டு வழக்கம். ஆனால் பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். காய்ச்சல் கண்டவர் கஷாயத்தை நம்பிக் காலம் கடத்துவதும் ஆபத்து; அது டெங்குவாகவும் இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

விவசாயிக்குப் பலன் தருவது பூவே. விதைக் கன்று பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுக் கன்று 2, 3 ஆண்டுகளில் பூக்கும். ஆகவே விலை கூடினாலும் ஒட்டுக் கன்றே வாங்குங்கள். விதை போடுவோர் சிவந்த சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். காய்ந்த விதை முளைப்பது அரிது.

ஆரியங்காவுக் கணவாய்க் காற்று ஓய்ந்தபின், ஐப்பசி மழையில், 2 அடிக் குழியில் தொழு உரமிட்டு நடவும். கம்பு ஊன்றிக் கட்டவும். தண்ணீர் தேங்கக் கூடாது.

பறித்த பூ விரைவில் வாடும். எனவே ஏக்கர் முழுவதும் நட வேண்டாம். முதலில் இரண்டு மரம் போதும்; உள்ளூரில் பூ விற்பதைப் பார்த்துப் பெருக்கலாம்.