டெராஃப்ளொப் காட்டி ஏமாத்தாதீங்கோ

பிசியா கன்சோலா என்று பெடியள் கதைக்கத் தொடங்கினால் அஞ்சு நிமிசத்துக்குள்ள யாராவது டெராஃப்ளொப் கணக்கோட வந்திடுவினம். பிளேஸ்டேஷன் 5 என்றால் 10.28, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் என்றால் 12, எங்கட கார்ட் அதைவிடக் கூட, ஆகவே பிசிதான் பெரிசு! இந்தக் கணக்கை நாங்கள் ஏற்கவில்லை.

டெராஃப்ளொப் என்பது ஒரு கிராபிக்ஸ் சிப் செக்கனுக்கு அதிகபட்சம் எத்தனை இலட்சம் கோடி கணக்குகளைப் போடலாம் என்ற அளவு. போடலாம், அவ்வளவுதான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ ஏறத்தாழ 13. 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080 ஏறத்தாழ 30. ஆனால் கேமில் வேகம் இரண்டு மடங்குக்குக் கிட்டவும் வரவில்லை. சிப்பின் அமைப்பு மாறியது. நினைவகம் தரவைக் கொண்டுவந்து கொடுக்கிற வேகம் அதே அளவில் கூடவில்லை.

இன்னொன்று. ஆர்டிஎக்ஸ் 3070 கணக்கில் பிளேஸ்டேஷன் 5ஐப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் 2023 மார்ச்சில் 'த லாஸ்ட் ஒப் அஸ் பார்ட் 1' பிசிக்கு வந்தபோது அந்தக் கார்ட் திணறியது. காரணம், அதில் இருப்பது 8 ஜிபி நினைவகம். கன்சோலில் சிபியுவும் கிராபிக்ஸும் 16 ஜிபியைப் பகிர்ந்துகொள்ளும். கேம் முதலில் அதற்கென்றே செய்யப்பட்டது.

கன்சோலின் பலம் இதுதான்: எல்லாப் பெட்டிக்குள்ளும் ஒரே சிப். ஒளியையும் நிழலையும் எப்படி வரைவது என்று சிப்புக்குச் சொல்கிற ஷேடர்களை அந்த ஒரே சிப்புக்காக முன்கூட்டியே தயாரித்து அனுப்பலாம். பிசியில் ஆளுக்கொரு கார்ட், ஆளுக்கொரு ட்ரைவர். ஷேடர் உங்கட மெஷினிலேயே தயாராக வேணும். அது விளையாட்டின் நடுவில் நடந்தால் படம் ஒருக்கா இழுத்து நிற்கும். செக்கனுக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெக்கன்தான். நாலைந்து ஃப்ரேம் பிந்தினாலே கண்ணுக்குத் தெரியும், சராசரிக் கணக்கில் தெரியாது.

அதுக்காக நாங்கள் கன்சோலுக்குக் கொடி பிடிக்கேல்லை. 2020 டிசெம்பரில் 'சைபர்பங்க் 2077' பழைய பிளேஸ்டேஷன் 4இல் ஓடின ஓட்டத்தைப் பார்த்து, சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்தது. நல்ல பிசிகளில் அதே கேம் கண்ணைப் பறித்தது. கன்சோல்காரருக்குக் கார்ட் மாத்த வழியில்லை. செட்டிங்ஸைக் குறைக்கிற சுதந்திரமும் பெரிசா இல்லை.

எங்களில் பலருக்கு ஒரே ஒரு மெஷின்தான். அசைன்மென்ட், வீடியோ எடிட்டிங், கேம் எல்லாம் அதிலதான். ஆகவே பிசி வாங்குவது நியாயமான முடிவு. ஆனால் அதற்குக் காரணம் இந்த உபயோகம்தான், பெட்டியில் அடிச்சிருக்கிற நம்பர் இல்லை. வீட்டில சீட்டுப் பிடிச்சுச் சேர்த்த காசைக் கொடுக்க முதல் கடைக்காரரிட்ட மூன்று கேள்வி கேளுங்கோ: கார்டில் எத்தனை ஜிபி? நான் விளையாடுற கேம் என்ர திரையின் ரெசொலூஷனில் எப்படி ஓடும்? சராசரியை விடுங்கோ, ஆகக் குறைந்த ஃப்ரேம் எத்தனை? டெராஃப்ளொப்பை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னால், அடுத்த கடைக்குப் போங்கோ.