லேப்டாப்பை மூடி வைத்து வேலை செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம்!

குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் பலருக்குக் கழுத்து வலிக்கிறது. பெரிய மானிட்டரைக் கண் மட்டத்தில் வையுங்கள். தனி கீபோர்டு, மவுஸ் இணையுங்கள். லேப்டாப் ஓரமாக மூடி இருக்கட்டும்.

விண்டோஸில், மூடினால் "ஒன்றும் செய்யாதே" என்று அமைக்க வேண்டும். ஆனால் மின் இணைப்பில் இருக்கும்போது மட்டும்!

பேட்டரிக்கும் அப்படியே அமைத்தால் வம்பு. லேப்டாப் தூங்காது. பைக்குள்ளும் ஓடும். காற்று இல்லாமல் கொதிக்கும். சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

மேஜையிலும் அதன் மேல் துணி, புத்தகம் போடாதீர்கள்.

வீட்டிலிருந்து வேலை வாங்கும் முதலாளிகளே, லேப்டாப்புடன் ஒரு மானிட்டரும் கொடுங்கள். உழைப்பவரின் கழுத்தும் முக்கியம் அல்லவா?

மூடி மூடியிருக்கலாம்; காற்று வழி மூடியிருக்கக் கூடாது!