மலிவுப் புட்டியில் மறைந்திருந்த ரகம்

லண்டனில் வசிக்கும் நண்பர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தில் க்ஷேமம், மழை, குளிர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் ஒரு சந்தேகத்தையும் கிளப்பியிருக்கிறார். விருந்துக்கு வந்தவர் ஒருவர் சிலி தேசத்துச் சிவப்பு ஒயின் புட்டி ஒன்றைக் கொண்டு வந்தாராம். கடையில் கீழ்த் தட்டில் கிடக்கும் சரக்கு, விலையும் சொற்பம். மரியாதைக்காக ஒரு வாய் அருந்திய நம் நண்பர், பிறகு மரியாதையை மறந்து, தமது கிண்ணத்தைத் தாமே இரண்டாம் முறை நிரப்பிக் கொண்டாராம். புட்டியின் மேல் "கார்மனேர்" என்று எழுதியிருந்ததாம். இந்த விலைக்கு இந்த ருசி எங்கிருந்து வந்தது என்பது அவருடைய கேள்வி.

மது விஷயத்தில் நம்மிடம் ஆலோசனை கேட்பது, நகை விஷயத்தில் சந்நியாசியிடம் கேட்பது போலத்தான். ஆயினும், திராட்சைக் கொடியின் சரித்திரத்தைக் குடியாதவர்களும் படிக்கலாம். அதற்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை.

முதலில், நண்பருடைய நாக்கு ஏமாந்திருக்குமோ என்று பார்த்தோம். விலை விஷயத்தில் நாக்கு ஏமாறுவது உண்மைதான். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரீட்சை நடத்தி அதன் முடிவை வெளியிட்டார்கள். 20 பேருக்கு ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். 5 டாலர் என்றபோது சுமாராக இருந்தது, 45 டாலர் என்றதும் அமிர்தமாகிவிட்டது! விலையை மறைத்துக் கொடுத்தபோதோ அந்த வித்தியாசம் போன இடம் தெரியவில்லை. ஆனால் நண்பருடைய சங்கதி இதற்கு நேர் விரோதமானது. விலை குறைவென்று தெரிந்தும் அவருக்கு ருசித்திருக்கிறது. ஆகவே அவரை விட்டுவிட்டுக் கொடியை விசாரிப்போம்.

கார்மனேர் சிலியில் பிறந்ததன்று. பிரான்ஸில் போர்தோ பிரதேசத்தில், உயர்ந்த ஒயின்களில் கலந்து கொண்டிருந்த பழங்குடி அது. 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிலி நாட்டுச் செல்வர்கள், பிரெஞ்சு நாகரிகத்தில் மோகம் கொண்டு, போர்தோவிலிருந்து திராட்சைக் குச்சிகளைக் கப்பலில் வரவழைத்தார்கள். அந்த மோகம் பின்னால் ஒரு குலத்தையே காப்பாற்றும் என்று அவர்கள் கண்டார்களா? 1860-களில் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது பிலாக்ஸரா என்னும் பூச்சி. வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் அந்த அற்பப் பிராணி, பிரான்ஸின் தோட்டங்களை மயானமாக்கிவிட்டது. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினால் பிழைக்கும் என்று கண்டுபிடித்து மறுபடி நட்டார்கள். நடும்போது எந்த ரகத்தை வைப்பது, எதைத் தள்ளுவது என்ற கேள்வி வந்தது. கார்மனேரோ குளிர்ந்த, ஈரமான வசந்தத்தில் பூவைப் பிஞ்சாக்காமல் உதிர்த்துவிடும் குணமுடையது. கஷ்ட காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளையை யார் வைத்துப் பராமரிப்பார்கள்? தள்ளிவிட்டார்கள். காலக்கிரமத்தில் அது அழிந்ததென்றே முடிவு கட்டினார்கள்.

சிலிக்கு அந்தப் பூச்சி போகவில்லை. வடக்கே அட்டகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டீஸ் மலை, மேற்கே பசிபிக் சமுத்திரம், நல்ல கோட்டைதான். உள்ளே கார்மனேர் சுகமாக இருந்தது, ஆனால் பெயரை இழந்து! இலையும் குலையும் ஏறக்குறைய ஒத்திருந்தபடியால், மெர்லோ என்ற மற்றொரு ரகத்தோடு சேர்த்து அதையும் மெர்லோ என்றே அழைத்தார்கள். மெர்லோவுக்கு மூன்று நான்கு வாரம் பிந்தித்தான் கார்மனேர் பழுக்கும். இரண்டையும் ஒரே நாளில் பறித்தால் ஒன்று கனி, மற்றது காய். சிலி மெர்லோவில் ஏதோ குடைமிளகாய் வாசனை அடிக்கிறது என்று ரசிகர்கள் முகம் சுளித்ததற்குக் காரணம் இதுவே.

1994 நவம்பரில், ழான் மிஷேல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சுத் தாவர நிபுணர், மைப்போ பள்ளத்தாக்கில் கார்மென் என்னும் நிறுவனத்தின் தோட்டத்தைப் பார்க்கப் போனார். சிலியில் அது பூக்கும் பருவம். கொடியைக் கூர்ந்து பார்த்தவர், பூவின் மகரந்தத் தாள்கள் முறுக்கிக் கொண்டிருப்பதைக் கவனித்தார். இது மெர்லோ அல்ல, கார்மனேர் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

தோட்டக்காரர்களின் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மெர்லோ என்றால் அப்போது உலகச் சந்தையில் நல்ல கிராக்கி. கார்மனேர் என்றால் கேள்விப்பட்டவர் கிடையாது. உண்மையைச் சொன்னால் வியாபாரம் போகுமோ என்று தயங்கியவர்கள் உண்டு. கார்மென் நிறுவனமே ஆரம்பத்தில் "கிராண்ட் விதூர்" என்ற வேறொரு பழம் பெயரைப் போட்டுத்தான் விற்றது. ஆனால் கொடிகளைத் தனியே பிரித்து, பொறுமையாகக் காத்திருந்து, இலைகள் செக்கச் செவேலென்று மாறும் காலத்தில் பறித்துப் பார்த்தபோது, மிளகாய் வாசனை அடங்கி மிருதுவான ரசம் கிடைத்தது. அதன் பிறகு சொந்தப் பெயரிலேயே விற்கத் துணிந்தார்கள். நாட்டின் தட்பவெப்பம் அனுகூலமாயிருப்பதாலும், போர்தோவின் பெரிய மாளிகைகளைப் போல் பெயருக்குத் தனி விலை வைக்க முடியாததாலும், விலை இன்னும் ஏறவில்லை. நண்பர் கொடுத்து வைத்தவர்.

சீனத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து அங்கே போன ஒரு கொடியைக் "காபர்னே ஜெர்னிஷ்ட்" என்று அழைத்து வந்தார்கள். மரபணுவைச் சோதித்தபோது அதுவும் கார்மனேர்தான் என்று தெரிந்தது.