கறுப்பாகப் போனால் சொல்லுங்க!

பி.காம். படித்தவர்களுக்கு 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' ஞாபகம் இருக்கும். வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடன். பேலன்ஸ் ஷீட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எவனும் படிக்க மாட்டான். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பாராவும் அப்படித்தான்.

எங்கள் நந்தனம் ஃப்ளாட்டில் எதிர்வீட்டு சாருக்கு வயிற்றில் ஆரம்ப நிலைப் புற்றுநோய். வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டே எடுத்துவிட்டார்கள். தொண்ணூறுகளில் ஜப்பான்காரர்கள் பிடித்த வித்தை. பரோட்டாவில் மேல் அடுக்கை மட்டும் உரிப்போமே, அந்த மாதிரி. அடியில் மருந்து நீரை ஏற்றி உப்ப வைத்து, குட்டிக் கரன்ட் கத்தியால் அறுத்து உரிக்கிறார்கள். சென்னை ஆண்களின் புற்றுநோய்களில் வயிற்றுக்கு ரொம்ப காலமாகவே முன்வரிசை ஸீட். நம்மவர்கள் 'கேஸ்தான்' என்று ஜெலூசில் குடித்தே காலம் தள்ளுவதால், இப்படி ஆரம்பத்திலேயே மாட்டுவது அபூர்வம். சார் அதிர்ஷ்டசாலி.

வெளியே தையல் இல்லை, கட்டு இல்லை. ஒரே வாரத்தில் வாக்கிங் கிளம்பிவிட்டார். "ஆபரேஷனா? டிபன் சாப்பிட்டு வந்த மாதிரி இருந்துச்சுப்பா!" என்று லிஃப்டில் அலட்டல் வேறு. உள்ளே ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய புண். ஆற இரண்டு மாதமாகும்.

ஒன்பதாம் நாள் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. தலைசுற்றல் வேறு. சார் மூச்சு விடவில்லை. வெட்கம்! 'நேத்து சாப்பிட்ட கறிவேப்பிலைக் குழம்பு' என்று தனக்குத்தானே தீர்ப்பு. சம்மரியைக் கடைசி வரி வரை படித்திருந்தது மாமிதான். "பேசாம செருப்பைப் போடுங்க, ஆட்டோ வந்தாச்சு." மறுபடி எண்டோஸ்கோப், கசிந்த ரத்தக் குழாயில் ஒரு கிளிப். பிழைத்தார்.

இந்தக் கசிவு நூற்றில் சுமார் 5 பேருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் 2 வாரத்துக்குள். ஆஸ்பிரின் வகையறா சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம் (அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள்; டாக்டரைக் கேளுங்கள்).

அதைவிட அபூர்வம், வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் ஓட்டை விழுவது. 2017 ஏப்ரலில் சர்ச் பார்க் அருகே, அடியில் மெட்ரோ வேலை நடக்க, அண்ணா சாலை உள்வாங்கி பஸ்ஸும் காரும் இறங்கினதே? அதுவரை மேலே ரோடு ரோடாகத்தான் இருந்தது. கத்தியின் சூடு பட்ட வயிற்றுச் சுவரும் ஓரிரு நாள் தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென்று விட்டுக்கொடுக்கும். இருநூறு பேரில் ஒருவருக்கு வந்தால் அதிகம். ஆனால் வந்தால் வயிறு பலகையாகும், வலி உயிர் போகும், தப்பித்த கத்தியே மறுபடி தேவைப்படலாம்.

இரைப்பையின் வாசலிலோ கடைக்கோடியிலோ பெரிதாக உரித்திருந்தால், சில வாரம் கழித்துப் புண் ஆறும்போது வழி சுருங்கி இட்லிகூட இறங்காது. பலூன் விட்டு விரிப்பார்கள்.

சார் இப்போது தினமும் காலையில் மாமிக்குக் கலர் ரிப்போர்ட் தருகிறார். லிஃப்டில் எங்களுக்கும் தருகிறார்.