799 ரூபாய் ‘ஹேர் எக்ஸ்டென்ஷன்’ மூன்றாவது வாஷில் நாராவது ஏன்?

தோழியின் கல்யாண ரிசப்ஷன். தோள் வரை இருக்கும் முடியை இடுப்பு வரை நீட்டிக் காட்ட ஆசை. ஆன்லைனில் ‘100% ஹியூமன் ஹேர்’ கிளிப் செட் 799 ரூபாய்க்கு வருகிறது. முதல் நாள் பளபளவென்று இருக்கும், செல்ஃபியும் சூப்பராக வரும். மூன்றாவது முறை அலசியதும் தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். சீப்பு உள்ளேயே போகாது. ரிட்டர்ன் கேட்டால், ‘ஹைஜீன் பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்’ என்று பதில் வரும். ‘நமக்குத்தான் பராமரிக்கத் தெரியல’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், தப்பு அவர்கள் மேல் இல்லை.

பளபளப்பு எங்கே போகிறது?

மனித முடியின் மேல்புறத்தில் மீன் செதில் போன்ற மெல்லிய அடுக்கு உண்டு. அது வேரிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் படிந்திருக்கும். திருப்பதி, பழனி போன்ற கோயில்களில் காணிக்கையாகும் நீள முடியை வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று திசை மாறாமல் கட்டிவைக்க முடியும். வியாபாரத்தில் இதற்கு ‘ரெமி’ என்று பெயர். விலையும் அதிகம்.

இன்னொரு வகை, சீப்பில் உதிர்ந்து உருண்டையாகச் சேரும் சிக்கு முடி. தெருத்தெருவாக வந்து பாத்திரத்துக்கோ காசுக்கோ வாங்கிப் போகிறார்களே, அதேதான். இதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். எதிரெதிர்த் திசைச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்கலாகும். அதைத் தவிர்க்க, அமிலத்தில் ஊறவைத்துச் செதிலையே நீக்குவார்கள். பிறகு சிலிக்கான் பூச்சு கொடுப்பார்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் தெரியும் பளபளப்பு அந்தப் பூச்சுதான். ஷாம்பூ படப்பட அது போய்விடும்.

மலிவான செட்களில் செயற்கை இழை கலப்பதும் உண்டு. ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தால் தெரியும். மனித முடி, முடி கருகும் வாடையோடு பொடியாகும். சாதாரண செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாகும். ஆனால், ரெமியா சிக்கு முடியா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. இரண்டுமே ‘100% மனித முடி’தானே! அந்த வாசகம் பொய்யில்லை, பாதி உண்மை. பிரச்சினையே அங்கேதான்.

காசோடு போகுமா?

கனமான செட்டை இறுக்கமாக மாட்டி, நாள் முழுக்க, மாதக்கணக்கில் அணிந்தால் சொந்த முடியின் வேர் இழுபட்டுக்கொண்டே இருக்கும். இதனால் வரும் முடி உதிர்வுக்கு ‘டிராக்‌ஷன் அலோபீசியா’ என்று பெயர். ஆரம்பத்திலேயே கவனித்தால் முடி மீண்டும் வளரும். நீண்ட நாள் விட்டால் வளராமலே போகலாம்.

‘ரிட்டர்ன் கிடையாது’ செல்லுமா?

நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ன்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பார்சல் பிரிக்கும் வீடியோ மூன்றும் கையில் இருக்கட்டும்.

ஆனால், புகார் மட்டும் போதாது. சட்டையில்கூட பருத்தி எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு என்று லேபிள் சொல்கிறது. தலையில் மாட்டும் முடிக்கு மட்டும் ஏன் இல்லை? ரெமியா, சிக்கு முடியா, செதில் நீக்கியதா, இழை கலப்பு எவ்வளவு என்ற நான்கு வரிகளை பாக்கெட்டில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். 799 ரூபாய்க்குச் சிக்கு முடி விற்பது குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு. சொல்லிவிட்டால், ஒரு நாள் ரிசப்ஷனுக்கு அது போதுமா என்பதை வாங்குபவரே முடிவு செய்துகொள்வார்.