கப்பற் சீட்டும் கப்பல் ஒழுக்கமும்

உல்லாசக் கப்பல் என்பது எம்மவர்க்கு ஒரு காலத்திற் கரையில் நின்று பார்க்கும் காட்சியாக மட்டுமே இருந்தது. கொழும்புத் துறைமுகத்திற் பெரிய வெள்ளைக் கப்பலொன்று வந்து நிற்கும். அதிலிருந்து இறங்கும் வெளிநாட்டார் ஒரு பகற்பொழுது ஊரைப் பார்த்துவிட்டு மாலையில் ஏறிச் செல்வர். இன்று நிலைமை வேறு. 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரெஸ்' என்னும் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்துசென்றது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள், ஊரிலுள்ள தாய் தந்தையரை அழைத்து, மியாமியிலோ சிங்கப்பூரிலோ கப்பலேறி ஒரு வாரத்தை ஒன்றாகக் கழிப்பதும் இப்பொழுது புதுமையன்று.

ஆதலின் இவ்வாரம் கப்பற் சீட்டைப் பற்றிச் சில சொல்லக் கருதினோம். பஸ் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் இடுவதுபோல இதனை வாங்கலாகாது. கப்பற் சீட்டு ஓர் ஒப்பந்தம். பல ஆண்டுச் சேமிப்பு அதனுள் அடங்கிக் கிடக்கிறது. பயணம் எவ்வளவு இன்பமானது என்பதை விளம்பரம் சொல்லும். பயணம் நின்றுபோனாற் பணம் எவ்வடிவில் திரும்பும் என்பதை ஒப்பந்தம் மட்டுமே சொல்லும்.

கட்டணத்தின் கணக்கு

விளம்பரத்தில் "ஏழு இரவுக்கு 500 டொலர்" என்று இருப்பதாகக் கொள்வோம். ஓர் அறையில் இருவர் தங்குவர் என்ற கணக்கில் ஓராளுக்கு உரிய தொகையே பெரும்பாலும் இவ்வாறு குறிக்கப்படும். ஆகவே கணவனும் மனைவியும் சென்றால் 1,000 டொலர். துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு 150 டொலர் என வைத்தால் இன்னும் 300. பின்னர்ப் பணியாளர்க்குரிய சேவைப் பணம். அமெரிக்கப் பெருங்கம்பனிகள் அண்மை ஆண்டுகளில் இதனை நாளொன்றுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டொலர் வரை கணக்கிற் சேர்த்து வருகின்றன. 18 டொலர் எனக் கொண்டால், இருவர்க்கு ஏழு நாளுக்கு 252 டொலர். ஆக, 500 என்று கண்ணிற்பட்டது 1,552 டொலராக முடிகிறது. விமானச் செலவும் விசாச் செலவும் இதிற் சேரவில்லை.

தனித்துச் செல்பவர் ஆளில்லாத இரண்டாம் படுக்கைக்கும் பல கம்பனிகளிற் பணம் கொடுக்க நேரிடும். மாறாக, ஒரே அறையில் மூன்றாமவராகவோ நான்காமவராகவோ தங்குபவர்க்குக் கட்டணம் குறைவு. தாயைத் தனியறையில் விடுவதா, பேரப்பிள்ளைகளுடன் ஓர் அறையிற் சேர்ப்பதா என்பதை இந்தக் கணக்கையும் பார்த்தே முடிவு செய்க.

அறையும், பொதுப் போசனசாலை உணவும், பெரும்பாலான கலைநிகழ்ச்சிகளும் கட்டணத்துள் அடங்கும். மது, இணைய வசதி, சிறப்பு உணவுச்சாலைகள், கரைச்சுற்றுலா, கப்பல் வைத்தியரின் சேவை ஆகியன பொதுவாக அடங்கா. வைத்தியச் செலவை உட்படுத்திய காப்புறுதி இல்லாமல் முதியோரைக் கப்பலேற்றுவது அறிவுடைமையன்று.

திரும்பும் பணமும் திரும்பாப் பணமும்

முதலில் முற்பணம், புறப்படும் நாளுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கையில் மீதிப் பணம் முழுவதும். இதுவே பொதுவான வழக்கம். மலிவான கட்டணங்கள் பலவற்றில் முற்பணம் எக்காரணம் பற்றியும் திரும்பாது. மீதிப் பணம் செலுத்தும் நாள் கடந்தபின் பயணத்தைக் கைவிட்டால் இழப்பு படிப்படியாக ஏறும். இறுதி இரு வாரங்களிற் பெரும்பாலும் பயணக் கட்டணத்தில் ஒரு சதமும் மீளாது. துறைமுக வரி மட்டும் பொதுவாகத் திருப்பிக் கொடுக்கப்படும்.

இன்னொன்றும் அறியவேண்டும். பார்க்க விரும்பிய துறையிற் புயல் காரணமாகக் கப்பல் நில்லாது சென்றால், அதற்காகக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இல்லை. செல்லும் வழியை மாற்றும் அதிகாரம் கப்டனுக்கு உண்டு என்று அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.

கம்பனியே பயணத்தை நிறுத்தினால் நிலை வேறு. அமெரிக்கத் துறைகளிலிருந்து புறப்படும் கப்பல்களுக்கு 2022 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதியின்படி, பயணம் கைவிடப்பட்டாலும், புறப்பாடு மூன்று நாளோ அதற்கு மேலோ தாமதித்துப் பயணி ஏற விரும்பாவிட்டாலும், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிரித்தானியாவிற் சட்டத்துக்குட்பட்ட சுற்றுலாப் பொதியாக வாங்கிய பயணம் நிறுத்தப்பட்டால், பதினான்கு நாளுள் பணம் திரும்பவேண்டும்.

'கிரெடிற்' என்னும் சொல்

கம்பனிகள் 'கிரெடிற்' என்று சொல்வதில் இரு வகை உண்டு. ஒன்று, கப்பலிற் செலவழிப்பதற்கென்று அளிக்கும் வரவு. கடையிலும் கரைச்சுற்றுலாவிலும் இதனைச் செலவிடலாம். ஆயின், பெரும்பாலும் இது காசாக மாறாது. பயணத்தின் கடைசி இரவுக்குள் செலவழியாதது அழிந்துபோகும்.

மற்றையது, எதிர்காலப் பயணத்திற்குரிய வரவு. 2020 மார்ச்சில் நோய்ப்பரவல் காரணமாக உலகமெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றபோது பெருங்கம்பனிகள் சில பயணிகளுக்கு இரு வழி காட்டின. செலுத்திய பணத்தை அப்படியே பெற்றுக்கொள்ளலாம்; அல்லது நூற்றுக்கு 125 வீதமான வரவைப் பெறலாம். பலர் பெரிய எண்ணையே விரும்பினர். அதில் நியாயம் இல்லாமலில்லை. மறு ஆண்டும் பயணஞ் செய்ய உறுதியுடையார்க்கு அது இலாபமே. ஆனால், அத்தகைய வரவுக்குக் காலக்கெடு உண்டு. பெரும்பாலும் அதனைப் பிறர்க்கு மாற்றிக் கொடுக்க முடியாது. வரிக்கும் சேவைப் பணத்துக்கும் பல இடங்களிற் செல்லாது. கம்பனியே வீழ்ந்தால் அந்த வரவு என்னாகும்? 2022 சனவரியிற் கெந்திங் ஹொங்கொங் நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தபோது, அதற்குரிய கிறிஸ்ரல், டிரீம் என்னும் கப்பற் சேவைகளும் நின்றன. முன்பணம் கட்டியிருந்தவர்கள் கடன் கொடுத்தோர் வரிசையில் நின்று உரிமை கோர நேர்ந்தது.

எழுபது வயதான தகப்பனார்க்கு இரண்டு ஆண்டுக்கான வரவைப் பெற்று வைப்பதிலும், பணத்தைத் திரும்பப் பெறுவது மேல் என்பது எமது எண்ணம். வரவு எங்கே செல்லும், எவ்வளவு காலம் செல்லும் என்பதைக் கம்பனி தீர்மானிக்கும். கையிலுள்ள காசை எதற்குச் செலவிடுவது என்பதைத் தீர்மானிப்பவர் நாமே.

பெயரும் பத்திரமும்

தகப்பன் பெயரை முன்னெழுத்தாகச் சுருக்கி எழுதுவது எம்மவர் வழக்கம். கப்பற் பதிவில் இது தொல்லை தரும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கள் எவையோ அவையே சீட்டிலும் இருத்தல் வேண்டும். மியாமியிற் புறப்பட்டு வேற்று நாட்டுத் துறைகளைக் கண்டு மீண்டும் மியாமிக்கே வரும் கப்பலாயின், அமெரிக்க விசா பலமுறை நுழைவதற்கு இடந்தருவதா என்று முன்னரே பார்க்க. பிள்ளைகள் வைத்திருப்பது கனேடியக் கடவுச்சீட்டு, பெற்றோர் வைத்திருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. ஒருவர்க்கு விசா வேண்டாத துறையில் மற்றவர்க்கு வேண்டியிருக்கலாம். கருவுற்ற பெண்களை 24 ஆம் வாரத்துக்குப் பின்னும், ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் பல கம்பனிகள் ஏற்பதில்லை என்பதையும் குடும்பத்தார் மறவாதிருத்தல் நன்று.

கப்பலில் ஒழுகுமாறு

ஏறியவுடன் நடக்கும் ஆபத்துக்காலப் பயிற்சியைச் சிலர் வீண் சடங்கென்று எண்ணுவர். 2012 சனவரி 13 ஆம் நாள் இத்தாலியக் கரையோரத்திற் கொஸ்ரா கொன்கோடியா என்னும் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது 32 பேர் மாண்டனர். அன்று ஏறிய பயணிகள் பலர்க்குப் பயிற்சி நடைபெற்றிருக்கவில்லை. அதன்பின் திருத்தப்பட்ட சர்வதேச விதி 2015 முதல் நடைமுறையில் உள்ளது. கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தல் வேண்டும் என்பது அவ்விதி. குழந்தையும் கிழவரும் உட்பட எல்லாரும் தாம் கூடவேண்டிய இடத்தை அறிந்துகொள்க.

இரண்டாவது, கைகழுவுதல். கப்பலில் வாந்தியும் வயிற்றோட்டமும் பரப்பும் நோரோ வைரசை மதுசாரத் திரவம் நன்கு அழிப்பதில்லை. சவர்க்காரமும் நீரும் வேண்டும். பொது உணவு மேசையிற் பரிமாறுகருவியாலன்றிக் கையால் எதையும் தொடலாகாது. நோயுற்றால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுக. மரக்கறி உணவு வேண்டுவோர் பதிவு செய்யும்போதே தெரிவிப்பது எல்லார்க்கும் நன்மை.

நடைபாதையில் இரவிலே உரத்துப் பேசுதல், துவாய் போட்டு நாற்காலி பிடித்து மணிக்கணக்காக மறைந்துபோதல், கடலில் எதையேனும் எறிதல் ஆகியன தவிர்க்கத்தக்கன. தீயச்சத்தால் துணி அழுத்தும் மின்கருவியை அறைக்குள் அனுமதிப்பதில்லை. கரையில் இறங்கினாற் குறித்த நேரத்துக்கு முன் திரும்புக. தனித்துச் சென்ற பயணிக்காகக் கப்பல் காத்திருப்பதில்லை.

கடைசியாகப் பணியாளர். அறையைத் துப்புரவு செய்பவரும் உணவு பரிமாறுபவரும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வுகூட இன்றிப் பல மாதங்கள் தொடர்ந்து உழைப்பவர்கள். தம் பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர்கள் அவர்களுட் பலர். அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, 'நன்றி' என்று கூறுதல் வேண்டும். சில கம்பனிகளிற் சேவைப் பணத்தைக் கணக்கிலிருந்து நீக்கும்படி பயணி கேட்கலாம். அப்படி நீக்கிவிட்டு மிச்சம் பிடித்தோம் என்று மகிழ்வது எம் குடும்பங்களுக்கு அழகன்று. அந்தத் தொகையைப் புறப்படுமுன்னரே செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளியிற் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருப்பின், சீட்டின் நிபந்தனைகளை அவர்களைக் கொண்டே உரக்க வாசிப்பியுங்கள். முற்பணம் திரும்புமா, மீதிப் பணத்துக்கு இறுதி நாள் எது, பயணம் நின்றாற் காசா வரவா என்னும் மூன்று கேள்விக்கும் அவர்கள் விடை கண்டு எழுதித் தந்தபின் பணத்தைச் செலுத்துங்கள்.